முதலுதவிப் பெட்டிக்குப் பூட்டு எதற்கு? திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் முதலாளிகளுக்கு,

போன புதன்கிழமை நான் வேலை செய்யும் யூனிட்டில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். "முதலுதவிப் பெட்டியில் உள்ள பொருட்கள் அடிக்கடி காணாமல் போவதால் பெட்டி தொடர்ந்து பூட்டியே வைக்கப்படும். இன்று முதல் தேவைப்படுவோர் சூப்பர்வைசரிடம் சீட்டு வாங்கி ஆபீஸில் காட்டிப் பெற்றுக்கொள்ளவும். நிர்வாகம்." அவ்வளவுதான். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். அன்றைக்கே உள்ளே போய்ப் பேசினேன். "அக்கா, இதெல்லாம் மேலிடத்து முடிவு, நீங்க லைனைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதனால் மேலிடத்துக்கே எழுதுகிறேன்.

என் கம்பெனி முதலாளிக்கு மட்டும் எழுதவில்லை. பதினாறு வருஷமாக இந்த ஊரில், துணியின் ஓரத்தைத் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் டெய்லராக இருக்கிறேன். ஏழு கம்பெனி மாறியிருக்கிறேன், அதில் நான்கில் இதே பூட்டைப் பார்த்திருக்கிறேன். ஒரு இடத்தில் பெட்டிக்குள் பத்திக் கட்டும் சூடமும் வைத்திருந்தார்கள், வெள்ளிக்கிழமை பூஜைக்கு. இன்னொரு இடத்தில் உள்ளே ஒரு பஞ்சு உருண்டையும், எழுத்தே அழிந்துபோன ஒரு மருந்து பாட்டிலும் மட்டும் இருந்தன. ஆகவே யார் பெயரையும் எழுதப் போவதில்லை. படிக்கிறவர்களுக்குத் தங்கள் பெட்டி எது என்று தெரியும்.

பெட்டி பூட்டியிருந்தால் என்ன ஆகும் என்பதை இந்தப் பொங்கலுக்கு அப்புறம் நான் கண்ணால் பார்த்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் பாதிப் பேர் திரும்பவில்லை. எல்லா வருஷமும் நடப்பதுதான், உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஷிப்மென்ட் தேதி நெருங்கியதால் கைமடியில், அதாவது டெய்லருக்குத் துணி எடுத்து மடித்துக் கொடுக்கும் வேலையில், இருந்த ஒரு பெண்ணை சிங்கர் மிஷினில் உட்கார வைத்தார்கள். 19 வயது, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். ஓட்டத் தெரியும், ஆனால் வேகமாக ஓட்டிப் பழக்கம் இல்லை. அந்த மிஷினில் ஊசிக்கு முன்னால் விரல் போகாமல் தடுக்கும் கம்பி இருந்திருக்க வேண்டும். அது கழற்றி வைக்கப்பட்டு எத்தனை நாளாகிறதோ, எனக்கு நினைவு தெரிந்து இல்லை. சாயந்திரம் டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் இடது கை ஆள்காட்டி விரல் நகத்தின் மேல் ஊசி இறங்கி, உள்ளேயே உடைந்திருந்தது. கத்தக்கூட இல்லை அந்தப் பிள்ளை. கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு விரலையே பார்த்துக்கொண்டு இருந்தது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். வந்தவர் முதலில் தேடியது ஊசித் துண்டுகளை.

இது வெளி ஆட்களுக்குப் புரியாது, உங்களுக்குப் புரியும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி, ஒன்றோடு ஒன்று சேர்த்து முழு ஊசி வருகிறதா என்று பார்த்து, டேப் போட்டு ஒரு ரெஜிஸ்டரில் ஒட்ட வேண்டும். தேதி, நேரம், மிஷின் நம்பர், டெய்லர் பெயர், கையெழுத்து எல்லாம் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் பக்கத்தில் இருக்கும் பீஸ் எல்லாவற்றையும் ஒதுக்கி துணிக்குள் ஊசி இருந்தால் காட்டிக்கொடுக்கும் நீடில் டிடெக்டரில் விட வேண்டும். இந்த விதி தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். எங்கோ ஒரு குழந்தை போட்டுக்கொள்ளும் சட்டையில் ஊசி முனை போய்விடக் கூடாது. நானே மண்டி போட்டு டார்ச் அடித்துத் தேடியிருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு இரண்டு துண்டு கிடைத்தது, மூன்றாவது துண்டு அந்தப் பிள்ளையின் விரலுக்குள் இருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த பிறகும் ரெஜிஸ்டர் வந்துவிட்டது, பெட்டி வரவில்லை. சாவி டைம் ஆபீஸில் இருப்பவரிடம். அவர் பேங்குக்குப் போயிருந்தார். போன் அடித்தார்கள், எடுக்கவில்லை. ஒருவர் கட்டிங் வேஸ்ட்டில் இருந்து ஒரு துணியைக் கிழித்துச் சுற்றினார். இன்னொருவர் மிஷின் ஆயிலில் விரலை முக்கச் சொன்னார், அது ஊசிக் குத்துக்கு நல்லது என்று பழைய டெய்லர்கள் நம்புகிறார்கள். நான் எழுந்து போய், ஆயில் வேண்டாம், உள்ளே இருப்பதை நோண்டி எடுக்கவும் வேண்டாம், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கட்டும், சுத்தமான துணியைச் சுற்றிலும் வைத்து அந்த இடம் அழுந்தாமல் கட்டி உடனே டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்றேன். "உங்க மிஷின் நிக்குது அக்கா" என்று பதில் வந்தது. அதற்குள் ஒருவர் பிளையர் எடுத்துப் பிடுங்கிப் பார்த்தார். வரவில்லை. அப்போதுதான் கத்தினாள்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து பைக்கில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு தனியார் கிளினிக்கிற்குக் கூட்டிப் போனார்கள். கேட்டால் வீட்டில் தைக்கும்போது ஆனது என்று சொல்லச் சொன்னார்களாம். அவளுக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டு நம்பர் போடவில்லை, அதனால்தான். ஆறு நாளில் விரல் சீழ் வைத்து இரண்டு மடங்காகிவிட்டது. பதினேழு நாள் வேலைக்கு வரவில்லை, பதினேழு நாளும் சம்பளம் இல்லை. இப்போது நகம் கோணலாக முளைக்கிறது, துணியின் ஓரத்தை அந்த விரலால் பிடிக்க முடியவில்லை என்கிறாள். மறுபடியும் கைமடிக்கே போய்விட்டாள். அவள் விரலில் இருந்து கிளினிக்கில் எடுத்த அந்தத் துண்டை ஒரு பேப்பரில் மடித்து வாங்கி வந்து ரெஜிஸ்டரில் ஒட்டியிருக்கிறார்கள். நான் பார்த்தேன். விபத்துப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். அப்படி ஒரு பதிவேடு இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நான் வக்கீல் இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஆனால் எனக்குப் பொருந்தும் சட்டத்தைத் தமிழில் படித்துச் சொல்ல ஆள் கேட்டு, உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

1948ஆம் வருஷத்து ஃபேக்டரிச் சட்டத்தில் 45ஆம் பிரிவு முழுக்க முதலுதவியைப் பற்றியது. அதில் எழுதியிருந்தது இது: வேலை நடக்கும் நேரம் முழுவதும் சட்டென்று எடுக்கும்படி முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு 150 பேருக்கும் ஒரு பெட்டி என்ற கணக்குக்குக் குறையக் கூடாது. அதற்குள் குறிப்பிட்ட பொருட்களைத் தவிர வேறு எதுவும் வைக்கக் கூடாது. பத்திக்கட்டு வைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும், அவர் முதலுதவிப் பயிற்சி முடித்து அரசு ஏற்கும் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க அங்கேயே கிடைக்க வேண்டும். 500 பேருக்கு மேல் வேலை செய்தால் பெட்டி மட்டும் போதாது, ஆம்புலன்ஸ் ரூம் என்று தனி அறையே வேண்டும், அதற்கு மருத்துவமும் நர்சிங்கும் தெரிந்த ஆட்கள் வேண்டும். எங்கள் யூனிட்டில் ஒரு ஷிப்டுக்கு 340 பேர். குறைந்தது மூன்று பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட்டி, அதற்கும் பூட்டு.

அந்தச் சட்டம் போய்ப் புதுசு வந்துவிட்டது என்று சிலர் சொல்கிறீர்கள். வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21ஆம் தேதி முதல் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அதில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்பு ஃபேக்டரிச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. அதன் 24ஆம் பிரிவிலும் இதுதான் இருக்கிறது: வேலை நேரம் முழுவதும் எளிதில் எடுக்கக்கூடிய, போதுமான முதலுதவிப் பெட்டிகளை முதலாளி வைத்துப் பராமரிக்க வேண்டும். 500 பேருக்கு மேல் என்றால் ஆம்புலன்ஸ் ரூம் என்பதும் அப்படியே இருக்கிறது. பவர் இருக்கும் இடத்தில் 10 பேர் இருந்தாலே ஃபேக்டரி என்று இருந்ததை 20 பேர் என்று உயர்த்தியது உண்மை. அதை வைத்துக்கொண்டு "நாங்க இனிமே ஃபேக்டரியே இல்ல" என்று, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்காரர் என்னிடமே சொன்னார். அண்ணா, 10 பேர் வேலை செய்தால் அது அந்தச் சட்டத்தில் நிறுவனம், அந்த நல வசதிகள் எல்லாம் நிறுவனத்துக்கு என்றுதான் எழுதியிருக்கிறது. பன்னிரண்டு மிஷின் போட்டு ஓட்டுகிறவருக்கும் பெட்டி உண்டு.

இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. தொழிலாளியின் பாதுகாப்புக்காகவும் உடல்நலத்துக்காகவும் செய்து கொடுக்கும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது. வாரச் சம்பளத்தில் "மெடிக்கல்" என்று எழுதி ஐம்பது ரூபாய் பிடிக்கிற கம்பெனியில் நான் இருந்திருக்கிறேன், கிளினிக்கிற்குக் கூட்டிப் போன செலவை அடுத்த மூன்று வாரம் பிடித்த கம்பெனியிலும் இருந்திருக்கிறேன்.

இஎஸ்ஐ ஒழுங்குமுறை விதிகளிலும் முதலுதவி இருக்கிறது. அடிபட்டவரை இஎஸ்ஐ டாக்டர் பார்க்கும் வரைக்கும் தேவையான முதலுதவி, மருத்துவம், வண்டி எல்லாம் முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும், அதற்கு ஆகும் செலவை அவர் இஎஸ்ஐ கார்ப்பரேஷனிடம் இருந்து திரும்ப வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. விபத்துப் புத்தகத்தில் எழுதி, 24 மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்கு உதவித்தொகை வரும். எங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறீர்கள், நீங்கள் 3.25 போடுகிறீர்கள். அந்தப் பிள்ளைக்குச் சேர்ந்த அன்றைக்கே நம்பர் போட்டிருந்தால் அந்தப் பதினேழு நாளில் அவள் அம்மா நகையை அடகு வைத்திருக்க வேண்டியதில்லை. கம்பெனி பெரிதாகச் செலவழித்தும் இருக்காது.

இப்போது "பொருட்கள் காணாமல் போகின்றன" என்ற விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த நோட்டீஸில் என்னை அதிகம் வருத்தியது அந்த வார்த்தைதான். காணாமல் போவது என்ன? பிளாஸ்டர். அது எங்கே போகிறது என்று யாராவது வந்து லைனில் எங்கள் கைகளைப் பார்த்தார்களா? நாள் முழுக்க துணியை இழுத்து இழுத்து விரல் ஓரம் தேய்ந்து வெடிக்கும், நூலை இழுக்கும்போது அதே இடத்தில் கத்தி மாதிரி அறுக்கும். அதற்காகக் காலையில் உட்கார்ந்ததும் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளாஸ்டர் சுற்றிக்கொள்கிறோம். பிசிர் வெட்டும் பெண்களும் அப்படித்தான், கத்தரிக்கோல் வளையம் பட்டுப் பட்டு விரல் புண்ணாகிவிடும். அந்தப் பிளாஸ்டர் எல்லாம் உங்கள் பீஸைத் தைத்துக்கொண்டுதான் இருக்கிறது. யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. விரல் டேப்பை நூல்கண்டு மாதிரி தனியாக லைனுக்குக் கொடுத்துவிட்டால் முதலுதவிப் பெட்டியை யாரும் தொடப் போவதில்லை.

நான் சேர்ந்த இரண்டாவது கம்பெனியில் இதைப் புரிந்துகொண்ட ஒரு முதலாளி இருந்தார். அவரும் கட்டிங் டேபிளில் நின்று வளர்ந்தவர், இடது கையில் ஒரு விரல் நுனி கிடையாது. அவருடைய கம்பெனியில் ஒவ்வொரு லைன் முடிவிலும் கண் உயரத்தில் ஒரு பெட்டி, வெள்ளை அடித்து சிவப்புச் சிலுவை போட்டு, பூட்டே கிடையாது, சும்மா ஒரு கொக்கி. மாசத்தில் முதல் திங்கட்கிழமை அவரே வந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். சின்னது, நடுத்தரம், பெரிசு என்று மூன்று அளவில் கட்டுத்துணி, தீக்காயத்துக்குத் தனிக் கட்டு, ரோலர் பேண்டேஜ், பிளாஸ்டர், கத்தரிக்கோல், புண் கழுவும் மருந்து, கண் கழுவும் மருந்து, கையுறை. தேதி முடிந்ததை எடுத்துப் போட்டுவிட்டு அங்கேயே நின்று புதுசு வைக்கச் சொல்வார். ஒரு முறை மேனேஜர் இதே போலத் திருட்டுப் போகிறது என்று சொன்னபோது, "போனாப் போகுது, பூட்டி வச்சா மட்டும் மிச்சமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கேதான் என்னையும் இன்னும் மூன்று பேரையும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பின் முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், சம்பளத்தோடு. நெஞ்சை அழுத்துவது எப்படி என்று ஒரு பொம்மையை வைத்துக் கற்றுக் கொடுத்தார்கள். நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. எனக்குக் கை வலித்து வியர்த்துவிட்டது. பயிற்சிக்கு முன்னால் எனக்குத் தெரிந்த முதலுதவி எல்லாம் மஞ்சளும் காபித்தூளும்தான்.

அதனால்தான் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரியும், பணம் இல்லாததால் இது நடக்காமல் இருப்பதில்லை. ஒரு பெட்டியை ஒழுங்காக நிரப்ப இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. 2024-25இல் இந்த ஊரில் இருந்து போன பின்னலாடை ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது நீங்கள் பட்ட பாடும் எங்களுக்குத் தெரியும், வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று நாங்களும் அதில் பாதி வயிற்றோடுதான் இருந்தோம், அப்போது யாரும் உங்களிடம் வந்து எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்பது பிளாஸ்டரும் ஒரு திறந்த கதவும்.

அப்புறம் ஆடிட். நம் துணியை வாங்கும் பையரின் ஆள் சோதனைக்கு நாளைக்கு வருகிறார் என்றால் இன்றைக்குச் சாயந்திரம் பெட்டி நிரம்பிவிடும். பேண்டேஜ் கவர்கூடப் பிரிக்காமல் பளபளவென்று இருக்கும். கேள்வி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். முதலுதவி செய்பவர்களின் போட்டோ சுவரில் மாட்டியிருக்கும். நான்காவதாக வேலை செய்த கம்பெனியில் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு என் போட்டோவையும் மாட்டினார்கள். அங்கிருந்து விலகி ஒன்றரை வருஷம் கழித்து என் தோழி அதை போனில் படம் எடுத்து அனுப்பினாள், நான் இன்னமும் அந்தச் சுவரில் இருந்தேன். அந்த ஒன்றரை வருஷத்தில் அங்கே அயர்ன் செய்யும் ஒரு அண்ணனுக்குக் கையில் ஸ்டீம் அடித்துவிட்டது. பற்பசை தடவினார்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் கையைக் காட்டச் சொல்ல அங்கே ஒருவர்கூட இல்லை. போட்டோவில் மட்டும் நான் இருந்தேன். அவர் முழங்கையில் அந்தத் தோல் இன்றைக்கும் சுருங்கி இழுத்துக்கொண்டு இருக்கிறது, அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

"ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கு, 108 கூப்பிட்டா வந்துருது" என்று ஒரு பதில் எப்போதும் உண்டு. 108 தமிழ்நாட்டில் 2008இல் வந்தது, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, கும்பிட்டுச் சொல்கிறேன். ஆனால் வண்டி கேட்டுக்கு வந்து சேரும் வரைக்கும் இருக்கும் நிமிஷங்கள் யாருடையவை? என் கொழுந்தனார் சாயப்பட்டறையில் இருக்கிறார். அங்கே ஒரு பையனுக்குக் காஸ்டிக் என்ற அரிக்கும் கெமிக்கல் கண்ணில் தெறித்தது. பக்கத்திலேயே சாயத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் இருந்தது. கண் இமையைப் பிரித்துப் பிடித்துக் கால் மணி நேரமாவது தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும், அது யாருக்கும் தெரியவில்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி பத்து நிமிஷ தூரம்தான். அந்தப் பத்து நிமிஷமும் காஸ்டிக் கண்ணுக்குள்ளேயே இருந்தது. கட்டிங்கில் விரல் துண்டானாலும் இதேதான். அந்தத் துண்டைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரை ஐஸில் வைத்துக் கொண்டுபோனால் ஒட்ட வைக்க வாய்ப்பு உண்டு. ஐஸிலேயே நேராகப் போட்டால் அது கெட்டுவிடும். இதைத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் சட்டத்தில் சான்றிதழ் வாங்கிய ஆள் என்று எழுதி வைத்திருந்தார்கள். ராத்திரி ஒன்றரை ஷிப்ட் போடும்போது ஆபீஸ்காரர்கள் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், சாவியும் அவர்களோடு போய்விடுகிறது. நாங்கள் உள்ளேதான் இருக்கிறோம்.

ஒடிசாவில் இருந்தும் ஜார்க்கண்டில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் லைனிலேயே பாதிப் பேர் அவர்கள். தமிழில் ஒட்டிய அந்த நோட்டீஸை அவர்களால் படிக்க முடியாது. அடிபட்டால் யாரிடம் போய்ச் சீட்டு கேட்க வேண்டும் என்று தெரியாது, தெரிந்தாலும் கேட்கப் பயம், வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று. கையை மறைத்துக்கொண்டு தைக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். துணியில் ரத்தக் கறை பட்டு பீஸ் ரிஜெக்ட் ஆன பிறகுதான் அடிபட்டதே தெரியவரும்.

தொழிற்சாலை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாமே, எங்களுக்கு ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், தேவைப்பட்டால் கொடுப்போம். ஆனால் ஒரு புகார் ஒரு கம்பெனிக்குத்தான் போகும். இந்தப் பூட்டைத் திறக்க அரசாங்க உத்தரவோ மெஷினோ இம்போர்ட்டோ எதுவும் தேவையில்லை. நீங்கள் ஒருவர் சொன்னால் நாளைக்குக் காலையில் திறந்துவிடும். அதனால்தான் முதலில் உங்களிடம் கேட்கிறேன்.

கேட்பவை இவைதான். அந்த நோட்டீஸை எடுத்துவிடுங்கள், பூட்டைக் கழற்றுங்கள். சீட்டு வாங்கி வந்தால்தான் பஞ்சு என்ற முறை ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. உங்கள் யூனிட்டில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணி, 150 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் பெட்டி வையுங்கள், கட்டிங்கிற்கும் அயர்னிங்கிற்கும் தனியாக வைத்தால் இன்னும் நல்லது. சாயப்பட்டறை வைத்திருப்பவர்கள் கெமிக்கல் கலக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கண் கழுவும் குழாய் போடுங்கள். ஒவ்வொரு ஷிப்டுக்கும், ராத்திரி ஷிப்டுக்கும் சேர்த்து, பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். லைனில் இருக்கிறவர்களையே அனுப்புங்கள், பயிற்சி நாளுக்குச் சம்பளம் கொடுங்கள், அவர் எழுந்து போனால் "மிஷின் நிக்குது" என்று யாரும் சொல்லக் கூடாது என்று சூப்பர்வைசர்களிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் போட்டோவைச் சுவரில் இருந்து எடுத்துவிட்டு, இருக்கிறவர்களின் பெயரையும் மிஷின் நம்பரையும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி மாட்டுங்கள்.

புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சேர்ந்த அன்றைக்கே இஎஸ்ஐ நம்பர் போடுங்கள். கம்பெனிக்குள் அடிபட்டவரை வீட்டில் ஆனது என்று சொல்லச் சொல்லாதீர்கள். உடைந்த ஊசி ரெஜிஸ்டருக்குப் பக்கத்திலேயே விபத்துப் புத்தகத்தையும் வையுங்கள், ஊசி உடைந்து கையில் ஏறினால் முதலில் கையைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் துண்டைத் தேட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கழற்றி வைத்திருக்கும் விரல் தடுப்புக் கம்பிகளை மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.

என் கம்பெனி முதலாளிக்குத் தனியாக ஒன்று. அந்தப் பிள்ளையின் பதினேழு நாள் சம்பளத்தையும் கிளினிக் செலவையும் கொடுங்கள். அவள் கேட்க மாட்டாள், அதனால் நான் கேட்கிறேன். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வழக்கம்போல வேலைக்கு வருவேன். மிஷினில் உட்காரும் முன்னால் பெட்டியைப் போய்ப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஓவர்லாக் லைனில் இருந்து ஒரு டெய்லர்